பங்கிலிருந்து ஊற்றுக்கு: கோத்தகிரிச் சரிவில் பெட்ரோல் கலந்த நிலத்தடி நீர் குறித்த நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

கோத்தகிரி வட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், மலைச்சாலை வளைவு ஒன்றில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. சாலைக்குக் கீழே கல் தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே படிப்படியாகக் கேரட், பூண்டுப் பாத்திகள், அதற்கும் கீழே தேயிலை. சரிவின் அடியில் சுமார் 60 வீடுகள் கொண்ட ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். ஊருக்குக் குடிநீர் தருவது 3 மீட்டர் ஆழமுள்ள ஊற்றுக் கிணறு. உறை இறக்கி, மூடி போட்டு, மோட்டார் வைத்து ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றுகிறார்கள். பங்கிலிருந்து கிணற்றுக்குச் சரிவுவாக்கில் 85 மீட்டர். மட்ட வித்தியாசம் 24 மீட்டர்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. மேலே ஒரு மீட்டர் அளவுக்குக் கறுப்பும் சிவப்புமான மேல்மண். அதன் கீழே 8, 10 மீட்டர் வரை மக்கிய பாறை. நீலகிரியின் சார்னோகைட் பாறை அப்படியே நின்ற இடத்தில் மக்கிக் களிமண்ணாகிவிட்டது. ஆனால் பாறையாக இருந்தபோது அதில் ஓடிய விரிசல்கள் களிமண்ணிலும் அப்படியே இருக்கின்றன. நடுநடுவே மக்காத உருண்டைப் பாறைகள். நீர் களிமண் வழியாக மிக மெதுவாகவும், விரிசல் வழியாக வேகமாகவும் நகர்கிறது. பெட்ரோலும் அப்படித்தான்.

கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். பங்க் முற்றத்தில் நவம்பர், டிசம்பரில் 1.8 மீட்டர் ஆழத்தில் நிற்கும் நீர்மட்டம் ஏப்ரலில் 5.1 மீட்டருக்கு இறங்குகிறது. இந்த 3.3 மீட்டர் ஏற்ற இறக்கம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதல் புகார்

அக்டோபர் கடைசி வாரம், பருவமழை பிடித்துப் பத்து நாள் ஆன பிறகு புகார் வந்தது. கிணற்று நீரில் வண்ணப் படலம் தெரிந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரும்புச்சத்து நிறைந்த இந்த மண்ணில் இரும்பு பாக்டீரியாவும் அதேபோல் வானவில் படலம் உண்டாக்கும். ஒரு குச்சியால் கலைத்துப் பார்க்க வேண்டும். இரும்புப் படலம் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியே நிற்கும். எண்ணெய்ப் படலம் உடனே மறுபடி கூடிக்கொள்ளும். இங்கே கூடிக்கொண்டது.

வயதான ஒரு பெண்மணி மாதிரி எடுக்க வந்தவரிடம் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது: "தம்பி, குடிக்கிறப்ப ஒண்ணும் தெரியல. வெந்நீர் வெச்சாத்தான் குளிக்கிற ரூம் பூரா பங்க் வாசனை அடிக்குது." மிகச் சரியான கவனிப்பு இது. பென்சீன் போன்றவை சூட்டில் நீரை விட்டு ஆவியாகிவிடும். குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு வெந்நீரில் குளிக்கும் ஊரில், குடிப்பதால் உடம்புக்குள் போகும் அளவுக்குக் குறையாமல் மூச்சு வழியாகவும் போகும். "காய்ச்சிக் குடியுங்கள்" என்று அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். கிருமிக்கு அது சரி. பெட்ரோல் கலந்த நீருக்கு அது தவறான அறிவுரை. நச்சு நீரிலிருந்து சமையலறைக் காற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

வாசனை இல்லாவிட்டால் நீர் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்ட பொருள். மூக்குக்கு அது தெரியவரும் அளவு இந்த வரம்பைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.

முதல் மூன்று நாட்கள்

மோட்டார் நிறுத்தப்பட்டு, கிணற்று மூடி பூட்டப்பட்டது. குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் துவைக்கவும் அந்த நீர் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லப்பட்டது. பிக்கப் வண்டியில் 2,000 லிட்டர் டேங்க் வைத்து ஒரு நாளைக்கு ஐந்து நடை தண்ணீர் வந்தது.

மாதிரி எடுப்பதில் முதல் தடவை தவறு நடந்தது. தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி எடுத்துப் போனார்கள். மீதிக் காற்றிடத்துக்குப் பென்சீன் ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். பிளாஸ்டிக்கும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த முடிவு குப்பைக்குப் போனது. இரண்டாவது தடவை 40 மில்லி கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பூசிய மூடி. வழியில் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுவிடாமலிருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு, நுரைக்காமல் விளிம்பு ததும்ப நிரப்பி, மூடித் தலைகீழாகத் தட்டிப் பார்த்து ஒரு குமிழ்கூட இல்லை என்று உறுதிசெய்து, ஐஸ் பெட்டியில் கோவைக்கு அனுப்பப்பட்டது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனைப் பட்டியலில் பென்சீன் இருக்காது. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிணற்று நீரில் பென்சீன் 310 மைக்ரோகிராம்.

வண்டித் தண்ணீர் வந்த பிறகும் ஒரு தெருவில் வாசனை போகவில்லை. அந்தத் தெருவுக்குப் போகும் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குடிநீர் பைப் பங்குக்குக் கீழே சாலையோர மண்ணில் 12 மீட்டர் தூரம் புதைந்திருந்தது. பைப்பில் ஓட்டை எதுவும் இல்லை. மண்ணிலிருந்த பெட்ரோல் ஆவி பைப்பின் சுவரை ஊடுருவியே உள்ளே போயிருந்தது. பாலிஎத்திலீனின் இயல்பு அது. ரப்பர் கேஸ்கெட்டும் இப்படி விடும். அந்த 12 மீட்டரை எடுத்துவிட்டு, திருகு மரை போட்ட ஜிஐ பைப் தரைக்கு மேலாகப் போடப்பட்டது. ஓவர்ஹெட் டேங்க் பிளாஸ்டிக் என்பதால் கழுவிப் பயனில்லை என்று மாற்றப்பட்டது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய வீட்டு டிரம்களில் வாசனை இன்னும் அதிகமாகவே ஒட்டிக்கொண்டது.

கசிவு எங்கே

பங்கில் இருப்புக் கணக்கு தினமும் எழுதப்பட்டிருந்தது. டிப் ராட் அளவு, அடர்த்தி, விற்பனை எதிலும் குறை இல்லை. தினசரி வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருந்தது. பங்க் உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் வெயிலில் ஏற்றிய லோடு மேலே வந்து நிலத்தடித் தொட்டியில் குளிர்ந்து சுருங்கும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். 12,000 லிட்டர் லோடு 12 டிகிரி குளிர்ந்தால் சுமார் 140 லிட்டர் குறையும். ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் ஒரு குறைவு விழுவது மலைப் பங்குகளில் சகஜம். அந்தக் குறைவின் நிழலில் தினம் 5 லிட்டர் கசிவு மறைந்துகொண்டது. ஒரு நாளைக்கு 2,800 லிட்டர் விற்கும் இடத்தில் 5 லிட்டர் என்பது 0.2 சதவீதம்கூட இல்லை.

பழைய கணக்கை எடுத்து, எல்லா அளவுகளையும் 15 டிகிரிக்கு மாற்றி, தினசரி வித்தியாசத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வரைந்தபோது விஷயம் தெரிந்தது. நல்ல நிலையில் உள்ள தொட்டியின் கோடு பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்கும். டீசல் தொட்டியின் கோடு அப்படித்தான் இருந்தது. பெட்ரோல் கோடு மே மாதத்திலிருந்து ஒரே திசையில் கீழே போனது. அக்டோபர் முடிவில் மொத்தம் ஏறக்குறைய 900 லிட்டர்.

தொட்டியையும் லைனையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். லைனை பெட்ரோலைக் கொண்டே வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றி வால்வை மூடிப் பார்த்தபோது முள் கண்ணெதிரே இறங்கியது. பெட்ரோல் இருந்த லைனில் கம்ப்ரசர் காற்றை ஏற்றுவது ஆபத்து. வாயுவால்தான் சோதிக்க வேண்டுமென்றால் நைட்ரஜன்தான். தொட்டிக்குள்ளேயே மூழ்கிய பம்ப் வைத்து அழுத்தித் தள்ளும் அமைப்பு இது. மேலிருந்து உறிஞ்சும் பழைய அமைப்பாக இருந்தால், ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வந்து பம்ப் திணறிக் காட்டிக்கொடுத்திருக்கும். அழுத்தும் லைன் சத்தமில்லாமல் வெளியே தள்ளும்.

இரண்டாவது டிஸ்பென்சருக்குக் கீழே ஜிஐ எல்போவின் மரையில் மயிரிழை விரிசல். தடுப்புச் சுவர் வெளிப்பக்கம் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. முற்றம் அதோடு நகர்ந்ததில் விறைப்பான இணைப்பு தாங்கவில்லை. உட்பூச்சுள்ள, எரிபொருளுக்கென்றே செய்த இரட்டைச் சுவர் வளையும் பைப் போடப்பட்டது. டிஸ்பென்சர்களுக்கு அடியில் கசிவுத் தொட்டி வைக்கப்பட்டது.

நிலத்துக்குள் என்ன இருந்தது

போர்வெல் வண்டிக்கு இந்த மாவட்டத்தில் எளிதில் அனுமதி இல்லை, சரிவில் அது நிற்கவும் நிற்காது. கையால் திருகித் துளை போடும் ஆகர் கொண்டு ஆறு கண்காணிப்புக் குழாய்கள் இறக்கப்பட்டன. கு-1 பங்க் முற்றத்தில், கு-6 கிணற்றுக்கு 10 மீட்டர் மேலே. 50 மில்லிமீட்டர் பிவிசி, அரை மில்லிமீட்டர் கீறல், சுற்றிலும் சலித்த மணல், அதன் மேல் 60 சென்டிமீட்டர் பென்டோனைட் களிமண் அடைப்பு. கீறல் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். பெட்ரோல் நீரின் மேல் மிதப்பது. கீறல் முழுவதும் நீருக்குள் முங்கிவிட்டால் மேலே அடுக்காக நிற்கும் பெட்ரோல் குழாய்க்குள் வரவே வராது. கு-2 அப்படித்தான் போடப்பட்டுவிட்டது. பிறகு தோண்டி மாற்ற வேண்டியிருந்தது.

மண் மாதிரிகளை ஜிப் கவரில் பாதி போட்டு, பத்து நிமிடம் விட்டு, புற ஊதா விளக்கால் ஆவியை அளக்கும் பிஐடி மீட்டரால் பார்த்தார்கள். பனிமூட்டத்தில் மீட்டர் குறைத்தே காட்டுகிறது. ஈரம் விளக்கின் ஒளியைத் தடுக்கிறது. குளிரில் மண் ஆவியை விடுவதும் இல்லை. கவர்களை ஜீப்புக்குள் ஹீட்டர் போட்டு ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின.

மிதக்கும் பெட்ரோலின் தடிப்பை அளக்கத் தனிக் கருவி வரும்வரை பங்கிலேயே இருந்த பொருள் உதவியது. ஸ்டீல் டேப்பின் ஒரு பக்கம் நீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட், மறுபக்கம் பெட்ரோல் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட். இரண்டு கோட்டுக்கும் இடைவெளிதான் தடிப்பு.

நவம்பரில் கு-1-இல் அந்த இடைவெளி 2 சென்டிமீட்டர். குழு அதைப் பார்த்து, மிதக்கும் பெட்ரோல் அதிகம் இல்லை, பெரும்பகுதி கரைந்து போயிருக்கிறது என்று முடிவு செய்தது. அந்த முடிவு தவறு. பிப்ரவரியில் அதே குழாயில் 31 சென்டிமீட்டர் நின்றது. புதிதாக ஒரு சொட்டும் கசியவில்லை.

நடந்தது இதுதான். கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தபோது கசிந்த பெட்ரோல் அதன்மேல் போய் அமர்ந்தது. மழையில் நீர் ஏறியபோது பெட்ரோல் முழுவதும் கூடவே ஏறவில்லை. பெரும்பகுதி களிமண் துளைகளில் சிறு சிறு குமிழ்களாக நீருக்கடியில் சிறைப்பட்டது. குழாய்க்குள் வந்தது மேலே எஞ்சிய கொஞ்சம்தான். நீர் இறங்கியதும் துளைகள் வடிந்து, சிறைப்பட்டது விடுபட்டுக் குழாயில் சேர்ந்தது. இப்படி ஏறி இறங்கியதில் 3 மீட்டர் தடிப்புள்ள மண் முழுவதும், சட்டியில் எண்ணெய் தடவியது போல, பெட்ரோல் பூசிக்கொண்டு நின்றது. மழைக்காலத்தில் குழாயில் பெட்ரோல் குறைவாகவும், நீரில் கரைந்த பென்சீன் அதிகமாகவும் இருந்ததற்கு இதுவே காரணம். ஊற்றுக்கு அது மழையோடு வந்ததும் இதனால்தான். கு-1 நீரில் அப்போது பென்சீன் 4,800 மைக்ரோகிராம்.

பெட்ரோலில் கலந்த எத்தனாலுக்கும் இதில் பங்குண்டு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீனுக்கு மிச்சமில்லாமல் போக, அது இன்னும் தூரம் நகர்கிறது.

முதல் முடிவு: நீரை இறைத்துச் சுத்திகரிப்பது

டிசம்பரில் தடுப்புச் சுவருக்குக் கீழே 9 மீட்டர் நீளத்துக்குச் சரளை நிரப்பிய குறுக்கு வாய்க்கால் கையாலேயே வெட்டப்பட்டு, அதிலிருந்து நிமிடத்துக்கு 8 லிட்டர் இறைக்கப்பட்டது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி, காற்றூட்டும் கோபுரம், பிறகு தலா 100 கிலோ கொட்டாங்குச்சிக் கரி நிரப்பிய இரண்டு டிரம்கள் வரிசையாக.

நான்கே நாளில் கோபுரம் அடைத்துக்கொண்டது. பெட்ரோலைத் தின்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் செம்மண்ணின் இரும்பைப் பயன்படுத்த, இரும்பு நீரில் கரைந்து வந்தது. கோபுரத்தில் காற்று பட்டதும் துருவாகப் படிந்தது. கோபுரத்துக்கு முன்னால் மூடிய காற்றூட்டுத் தொட்டி, படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி சேர்த்த பிறகே ஓடியது. காற்றூட்டுத் தொட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. அதன் ஆவி தனிக் குழாய் வழியே கரிக்குள் போக வேண்டும். குளிரும் எதிராக வேலை செய்தது. 15 டிகிரி நீரிலிருந்து பென்சீன் வெளியேறும் வேகம் 25 டிகிரியைவிட வெகு குறைவு. சமவெளிக்குக் கணக்கிட்ட கோபுரம் இங்கே போதவில்லை. சுமை கரியின்மேல் விழுந்தது. இரண்டு டிரம்களுக்கும் நடுவில் மாதிரி எடுத்து, முதல் டிரம்மைத் தாண்டிப் பென்சீன் வர ஆரம்பித்ததும் இரண்டாவதை முன்னுக்கு நகர்த்திப் புதிதை பின்னால் வைக்க வேண்டும். இங்கே அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

ஆறு வாரத்தில் கு-1-இல் பென்சீன் 4,800-இலிருந்து 600-க்கு இறங்கியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பம்ப் ரிப்பேருக்காக மூன்று வாரம் நிறுத்தியபோது அது 3,900-க்குத் திரும்பியது.

கணக்கு போட்டுப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் நாளைக்கு 11.5 கனமீட்டர். லிட்டருக்குச் சராசரி 12 மில்லிகிராம் பெட்ரோல் பொருட்கள் என்றால் நாளைக்கு 138 கிராம். ஆறு வாரத்தில் 6 கிலோவுக்கும் குறைவு, அதாவது சுமார் 8 லிட்டர். கசிந்தது 900 லிட்டர். இந்த வேகத்தில் 13 ஆண்டு. நீரை எவ்வளவு இறைத்தாலும் மண் தன்னிடமிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீருக்குக் கொடுக்கும். ஆனாலும் இறைப்பது நிறுத்தப்படவில்லை. சுத்தம் செய்யும் வழியாக அல்ல, ஊற்றுக்குப் போகவிடாமல் மறிக்கும் அணையாக அது தொடர்ந்தது.

ஒதுக்கிய வழிகள்

மண்ணைத் தோண்டி எடுப்பதுதான் வேகமான வழி. சுமார் 350 கனமீட்டர். ஆனால் அது ஏற்கனவே சாய்ந்த தடுப்புச் சுவரின் அடிமண். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து போன உயிர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. மண் அள்ளும் இயந்திரத்துக்கு அனுமதி வேண்டும். தோண்டிய மண் அபாயக் கழிவு என்பதால் கும்மிடிப்பூண்டி போன்ற இடத்துக்கு லாரியில் இறக்க வேண்டும். வேண்டாம் என்று விடப்பட்டது.

நீருக்கடியில் காற்றை ஊதிக் குமிழ்களால் பென்சீனை விரட்டும் முறை ஒரே ஒரு குழாயில் அரை நாள் சோதிக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில், 14 மீட்டர் தள்ளி, கேரட் பாத்தி ஓரத்து வாய்க்காலில் ஒரே இடத்திலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. காற்று களிமண்ணுக்குள் பரவாமல் பழைய பாறை விரிசல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. இதே விரிசல் ஒரு வீட்டின் தரைக்கடியில் முடிந்திருந்தால் பெட்ரோல் ஆவியை அந்த வீட்டுக்குள் நாமே ஊதியிருப்போம். உடனே நிறுத்தப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு செலுத்தும் யோசனையும் கைவிடப்பட்டது. இரும்பு மிகுந்த மண்ணில் அது சூட்டோடும் வாயுவோடும் பொங்கிச் சீக்கிரமே தீர்ந்துவிடும். சரிவிலும் குடிநீர் ஊற்றுக்கு மேலேயும் அதற்கு இடமில்லை.

இரண்டாவது முடிவு: நீர் இறங்கும் காலத்தில் காற்றை உறிஞ்சுவது

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நீர்மட்டம் இறங்கும்போது பெட்ரோல் பூசிய மண் காற்றுக்கு வெளிப்படும். அப்போது மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் ஆவியாகி வரும். நீரில் கரைவதைவிடக் காற்றில் பல மடங்கு வேகமாக அது வெளியேறும். மழைக்காலத்தில் இதைச் செய்தால் வருவது வெறும் நீர்தான்.

ஐந்து உறிஞ்சுகுழாய்கள், 100 மில்லிமீட்டர் விட்டம், 6.5 மீட்டர் ஆழம், 1.5 மீட்டருக்குக் கீழே கீறல். ஒவ்வொன்றுக்குள்ளும் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்று நீர்ப்பரப்பைத் தொட்டு நிற்கும். வேக்கம் பம்ப் அதன் வழியே பெட்ரோல், நீர், ஆவி மூன்றையும் சேர்த்து இழுக்கும். நீர் இறங்க இறங்க வாரம் 15 சென்டிமீட்டர் வீதம் உள்குழாயையும் இறக்க வேண்டும். மறந்தால் வெறும் காற்று வரும். அதிகம் இறக்கினால் வெறும் நீர் வரும்.

உயரத்தைக் கணக்கில் எடுப்பது முக்கியம். 1,900 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 80 கிலோபாஸ்கல்தான். கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் என்று சொல்லப்படும் உறிஞ்சு உயரத்தின் எல்லை இங்கே 8.2 மீட்டர். குழாய் உராய்வெல்லாம் போக 6 மீட்டர் கிடைத்தால் அதிகம். ஏப்ரல் நீர்மட்டம் 5.1 மீட்டர் என்பதால் தப்பித்தோம். பம்ப் பட்டியலில் போட்டிருந்த திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தே வாங்கப்பட்டது.

முற்றத்தில் கான்கிரீட் இல்லாத இடமெல்லாம் தார்பாய் விரித்து மேலே களிமண் பூசப்பட்டது. இல்லாவிட்டால் காற்று மேலிருந்து குறுக்கே வந்துவிடும். அப்படியும் மூன்றாவது குழாயில் வேக்கம் ஏறவில்லை. பழைய மின்கேபிள் பள்ளம் ஒன்று காற்றுவழியாக இருந்தது. அதைப் பென்டோனைட் குழைத்து அடைத்த பிறகு சரியானது. இரவுக் குளிரில் ஆவி குழாய்க்குள்ளேயே நீராகவும் பெட்ரோலாகவும் திரளும். எல்லாக் குழாயும் பிரிப்புத் தொட்டியை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் போதும், அங்கே தேங்கி அடைத்துவிடும்.

தீ அபாயம்தான் பெரிய கவலை. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். அதில் கால் பங்கைத் தாண்டாதபடி வெளிக்காற்று கலக்கும் வால்வு வைக்கப்பட்டது. தாண்டினால் தானாக நிற்கும். மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஃப்ளேம்புரூஃப், எல்லாக் குழாய்க்கும் எர்த். சாதாரண வாயு மீட்டர் எரித்துப் பார்த்து அளப்பது. அதற்கே ஆக்சிஜன் வேண்டும். மண்காற்றில் ஆக்சிஜன் 3 சதவீதமே இருந்ததால் நேராக அளந்தபோது பாதுகாப்பு என்று பொய்யாகக் காட்டியது. வெளிக்காற்று கலந்த பிறகு உள்ள இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். கரிப்படுக்கையும் ஆவியை உறிஞ்சும்போது சூடாகும். அதற்குள் வெப்பமானி வைக்கப்பட்டது.

முதல் வாரம் நாளைக்கு 9 கிலோ பெட்ரோல் ஆவியாக வந்தது. கரி தன் எடையில் 15 சதவீதம் பிடித்தது. 200 கிலோ கரி மூன்றே நாளில் தீர்ந்தது. பிப்ரவரி கடைசியில் நாளைக்கு 3 கிலோ, ஏப்ரல் 20-இல் 0.7 கிலோ. 95 நாளில் மொத்தம் சுமார் 310 கிலோ ஆவி, திரவமாக 110 லிட்டர். லிட்டருக்கு 0.74 கிலோ என்று எடுத்தால் ஏறக்குறைய 530 லிட்டர். நீரை இறைத்து ஆறு வாரத்தில் எடுத்தது 8 லிட்டர்.

ஏப்ரல் கடைசியில் பம்பை நிறுத்திவிட்டு மண்காற்றின் ஆக்சிஜனை நாள்தோறும் அளந்தார்கள். 19 சதவீதத்தில் இருந்தது நாளைக்கு இரண்டரை சதவீதம் வீதம் குறைந்தது. காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு கிலோ பெட்ரோல் பொருளை முழுவதும் தின்ன அவற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். எனவே அதன்பின் வேகமாக உறிஞ்சுவதை விட்டு, ஆக்சிஜன் தீராத அளவுக்கு மட்டும் ஒரு சிறு புளோயர் ஓடியது. அதற்குக் கரிச் செலவும் அதிகமில்லை.

பிறகு நடந்தது

அடுத்த வடகிழக்குப் பருவத்தில் கு-1-இல் பென்சீன் 420. முந்தைய ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். கிணற்றில் 14. வரம்புக்கு மேல் என்பதால் கிணறு திறக்கப்படவில்லை. ஊரார் கோபப்பட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. எண்களைத் தாளில் எழுதி ஒட்டியதோடு விட்டிருக்கக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பேசிய பிறகே, ஏன் மழைக்காலத்தில்தான் சோதிக்க வேண்டும், ஏன் கோடை முடிவை நம்பித் திறக்க முடியாது என்பது புரிந்தது.

இரண்டாவது கோடையிலும் உறிஞ்சப்பட்டது. 60 கிலோ வந்தது. அதற்கடுத்த ஜூனிலிருந்து கிணற்று நீரில் பென்சீன் ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே. தொடர்ந்து நான்கு காலாண்டும், இரண்டு பருவமழையும் சேர்த்து, அப்படியே இருந்த பிறகு கிணறு திறக்கப்பட்டது. கு-3, கு-4-இல் நைட்ரேட்டும் சல்பேட்டும் மேட்டுப்பக்க நீரைவிடக் குறைந்து, கரைந்த இரும்பு கூடியிருந்தது. நுண்ணுயிர்கள் வேலை செய்வதற்கான தடயம் இது. பூண்டுப் பாத்தி உரத்திலிருந்து வந்த நைட்ரேட் அவற்றுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக உதவியிருக்கிறது.

மறுபடி நேர்ந்தால் மாற்றிச் செய்வது

முதல் கோடையில் மூன்று வாரம் வீணானது. நவம்பர் தடிப்பை நம்பாமல், நீர் இறங்கும்போது என்ன வரும் என்று எதிர்பார்த்து, உறிஞ்சும் கருவிகளை டிசம்பரிலேயே ஏற்பாடு செய்திருந்தால் ஜனவரி முதல் வாரமே தொடங்கியிருக்கலாம். மலைக்கு ஃப்ளேம்புரூஃப் மோட்டார் வந்து சேரவே ஒரு மாதம் ஆகிறது.

நீரை இறைக்கும் அமைப்பைச் சிறியதாகப் போட்டிருக்கலாம். மறிப்பதற்கு நிமிடத்துக்கு 3 லிட்டரே போதுமாக இருந்தது. மீதி 5 லிட்டருக்குச் செலவான கரி ஆவிப் பக்கம் போயிருந்தால் நல்லது.

புகார் வந்த அன்றே, பங்கிலிருந்து கீழே போகும் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாசனை போகாத அந்தத் தெருவில் பைப் வழியாகக் கலந்தது ஒன்பது நாள் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தெருவில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகள் இரண்டு.

மலைப் பங்குகளில் தினசரி வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதை விட்டு, 15 டிகிரிக்கு மாற்றிய கூட்டுக் கோட்டை வாரம் ஒருமுறை வரைய வேண்டும். இந்தப் பங்கில் அது ஜூன் நடுவிலேயே காட்டியிருக்கும். அப்போது கசிந்திருந்தது சுமார் 200 லிட்டர். தடுப்புச் சுவரில் வண்ணக் கோடு போட்டு, தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வொரு மழைக்கும் பிறகு சாய்வைப் பார்ப்பதும் இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது.

கு-1-இல் கடைசி அளவு 45 மைக்ரோகிராம். சிறு புளோயர் கோடையில் மட்டும் ஓடுகிறது. அடுத்த மாதிரி, நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகு, நவம்பரில்.